இட்ஸ், இட்'ஸ்: ஆங்கில வகுப்பில் தீராத குழப்பம் (கேள்வி பதில்)

ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆங்கில இலக்கணம் கற்பித்துவரும் ஒருவர் அளித்த விடைகள் இவை. இட்ஸ் என்றால் 'அதன்' என்ற உடைமைச் சொல்; இட்'ஸ் என்றால் 'இட் இஸ்' போன்றவற்றின் சுருக்கம். எழுத்துகளுக்கு மேலே இடும் அபாஸ்டிரபி என்ற குறி (') வரும் இடங்களில் தமிழ் எழுத்துகளுக்கு இடையிலும் அதே குறி இடப்பட்டுள்ளது.

கேள்வி (ஏழாம் வகுப்பு ஆசிரியை): நாயின் வாலைப் பற்றி எழுதும்போது "இட்'ஸ் டெயில்" என்றே மாணவர்கள் எழுதுகிறார்கள். விதியைப் பலமுறை சொல்லியும் பிழை நீங்காதது ஏன்?

பதில்: அவர்கள் விதியை மறக்கவில்லை, வேறொரு விதியைச் சரியாகவே பின்பற்றுகிறார்கள். 'ராம்'ஸ் புக்', 'டாக்'ஸ் டெயில்' என்று பெயர்ச்சொல்லுக்கு உடைமை காட்டக் குறி இட வேண்டும் என்று நாம்தான் முந்தைய வகுப்பில் கற்பித்தோம். ஆகவே குறி எங்கே வரும் என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்காமல், மை, யுவர், ஹிஸ், ஹெர், இட்ஸ், அவர், தெயர் ஆகிய சொற்களை ஒரே குடும்பமாக முதலில் மனத்தில் பதியவைக்க வேண்டும். எச், ஐ, எஸ் என்று எழுதும் ஹிஸ் என்ற சொல்லுக்குள் குறி இல்லை என்பதை மாணவர் அறிவார். அதன் அருகிலேயே இட்ஸ் என்பதையும் எழுதிக் காட்டினால், இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது விளங்கும்.

கேள்வி (பெற்றோர்): தமிழில் பொருள் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடாதா?

பதில்: பாதி தெரியும். 'அதன்' அல்லது 'அதனுடைய' என்று பொருள் வந்தால் குறி வேண்டாம். இது நம்பத்தக்க சோதனை. மறுபாதியில்தான் சிக்கல் இருக்கிறது. 'அது என் வீடு' என்னும் தமிழ்த் தொடரில் 'இஸ்' என்பதற்கு ஈடான சொல்லே இல்லாததால், 'இட்'ஸ் மை ஹவுஸ்' என்று கேட்கும் குழந்தை, இட்'ஸ் முழுவதையுமே 'அது' என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே ஒரு வினைச்சொல் ஒளிந்திருப்பதை உணர்வதில்லை. சிலர் 'இட்'ஸ் இஸ் மை ஹவுஸ்' என்று எழுதுவதற்கும் இதுவே காரணம். எனவே சுருக்க வடிவத்தை ஆங்கிலத்திலேயே விரித்து, 'இட் இஸ்' என்று வாய்விட்டுப் படிக்கப் பழக்குங்கள். 'தி டாக் வேக்ட் இட் இஸ் டெயில்' என்று படிக்கும்போது வகுப்பே சிரித்துவிடும், பிழையும் பிடிபடும்.

கேள்வி: 'இட்'ஸ் பீன் ரெயினிங்' என்ற தொடரில் 'இட் இஸ்' பொருந்தவில்லையே?

பதில்: அங்கே சுருங்கியிருப்பது 'இட் ஹாஸ்'. ஹூ'ஸ் என்பதற்கும் இவ்விரண்டு விரிவுகள் உண்டு. 'இஸ்' பொருந்தாவிட்டால் 'ஹாஸ்' என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பயிற்சி ஆசிரியர்): யுவர், யூ'ர், தெயர், தே'ர், ஹூஸ், ஹூ'ஸ் ஆகிய எல்லா இணைகளையும் ஒரே பாடத்தில் நடத்தலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. இணைகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்ட பயிற்சித் தாள்கள் பார்வைக்கு அழகாக இருக்கின்றன. ஆனால் குழப்பமே இல்லாத மாணவருக்கும் அவை குழப்பத்தை ஊட்டிவிடுகின்றன. உடைமைச் சொற்களை ஒரு வாரம், சுருக்க வடிவங்களை வேறொரு வாரம் நடத்திவிட்டு, இரண்டும் நிலைத்த பிறகு, முழு வாக்கியங்களாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். ஒலியில் வேறுபாடில்லாத சொற்களை வாக்கியப் பொருளைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும் என்பதால், இதற்கு டிக்டேஷனைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

கேள்வி: ப்ரோநவுனுக்கு, அதாவது பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வரும் சொல்லுக்கு, உடைமைக் குறியே வராது என்று கற்பித்துவிடலாமா?

பதில்: கூடாது. ஒன்'ஸ், சம்படி'ஸ், எவ்ரிஒன்'ஸ் ஆகியவற்றில் குறி வருகிறது. ஐ, யூ, ஹி, ஷி, இட், வி, தே ஆகிய பர்சனல் ப்ரோநவுன்களுக்கு வராது என்று வரையறுத்துச் சொல்லுங்கள். யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் ஆகியவையும் அதில் அடங்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி): பழைய ஆங்கில நூல்களில் உடைமைப் பொருளிலேயே இட்'ஸ் என்று அச்சிட்டிருக்கிறதே, அது அச்சுப் பிழையா?

பதில்: இல்லை. இட்ஸ் என்பது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் புழக்கத்திற்கு வந்த சொல். அதற்கு முன் அஃறிணைக்கும் ஹிஸ் என்பதையே பயன்படுத்தினார்கள். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதற்பதிப்பில், லேவியராகமம் 25:5இல், இன்று இட்ஸ் வரும் இடத்தில் வெறும் 'இட்' என்றே இருந்தது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் உடைமைப் பொருளில் இட்'ஸ் காணப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டிலும் கற்றவர்கள் பலர் அவ்வாறு எழுதினர். 'இட் இஸ்' என்பதன் சுருக்கமாக 'டிஸ் என்ற வடிவம் அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. அது பின்தங்கி இட்'ஸ் அந்த இடத்தைப் பிடித்தது. உடைமைச் சொல்லோ குறியை உதறியது. இன்றைய ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது.

கேள்வி (பத்தாம் வகுப்பு ஆசிரியர்): தேர்வு நெருங்கிவிட்டது. விரைவான வழி ஏதேனும் உண்டா?

பதில்: அலுவல் கடிதத்திலும் கட்டுரையிலும் சுருக்க வடிவங்களைத் தவிர்ப்பதே மரபு. ஆகவே எழுதி முடித்ததும், இச்சொற்களில் குறி தென்படும் இடங்களை மட்டும் மாணவர் தேடிப் பார்க்கட்டும். விரித்துப் படித்துப் பொருந்தினால் 'இட் இஸ்' என்று முழுமையாக எழுதட்டும். பொருந்தாவிட்டால் உடைமைச் சொல்லாக மாற்றட்டும். குறியை விட்டுவிட்ட பிழைகள் இதில் அகப்படாது என்பதால், இட்ஸ் என்று எழுதிய இடங்களில் 'அதன்' என்ற பொருள் வருகிறதா என்பதையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.