தென்னை உச்சிக்கு எட்டாத நுண்புழை: கேள்வி பதில்

பதில் சொல்பவர், டெல்டாவில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர்.

மன்னார்குடி ஆசிரியை: ஐயா, நுண்புழை ஏற்றத்தை, அதாவது மெல்லிய துளைக்குள் நீர் தானாக ஏறுவதை, எங்கிருந்து தொடங்குவது? சூத்திரம் எழுதியதுமே பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே வயல்தானே அம்மா, அங்கிருந்தே தொடங்குங்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள். பிறகு பெரும்பாலும் பாய்ச்சல் கிடையாது. பனியும் மண்ணில் மிஞ்சிய ஈரமும்தான். மேல்மண் காயக் காய, அடியீரம் களிமண்ணின் மயிரிழைத் துளைகள் வழியே ஏறி வருகிறது. "யார் இறைத்தது?" என்று கேளுங்கள். சூத்திரம் மறுநாள் வரட்டும்.

"மண் உறிஞ்சுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா நினைவுக்கு வரும். அங்கே நீரை ஏற்றுவது காற்றழுத்தம். நுண்புழையில் நீர் சுவரோடு ஒட்டி ஏறுகிறது. பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் இழுக்கும் விசை, பக்கத்து நீரையும் சேர்த்துத் தூக்குகிறது. தூக்கிய நீரின் எடை அந்த விசைக்கு ஈடானதும் நின்றுவிடும்.

குடவாசல் மாணவன்: பிளாஸ்டிக் ஸ்ட்ராவை நீரில் நிறுத்தினேன். ஏறவே இல்லை, சார்.

ஏறாது தம்பி. பிளாஸ்டிக்கில் நீர் சரியாக ஒட்டாது. ஸ்ட்ராவின் துளையும் பெரிது. 1 மி.மீ. விட்டத் துளையுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. ஏறும்; துளை பாதியானால் 6 செ.மீ. குழாய் கிடைக்காவிட்டால் இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து, ஒரு ஓரத்தில் மட்டும் தீக்குச்சியைச் செருகி, ரப்பர் பேண்ட் போட்டு மை கலந்த நீரில் நிறுத்து. இடுக்கு குறுகும் பக்கம் நீர் வளைந்து உயரும். அந்த வளைவை அப்படியே நோட்டில் வரைந்துவிடு. பாதிப் பாடம் அதில் இருக்கிறது.

பாபநாசம் ஆசிரியர்: தென்னை உச்சிக்கு நீர் போவதும் இதனால்தானே?

நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மரத்துக்குள் இருக்கும் நீர்க்குழாயின் ஆரம் 0.02 மி.மீ. என்று வைத்தாலும் ஏற்றம் முக்கால் மீட்டர்தான். மரமோ 20 மீட்டர். இலையில் நீர் ஆவியாகும்போது மேலிருந்து இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால் நீர்த்தம்பம் அறுவதில்லை. 1894-இல் அயர்லாந்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. நுண்புழைக்கு அங்கே வேலை, இலைச் செல்சுவர்களின் மிகநுண்ணிய துளைகளில்.

வேதாரண்யம் விவசாயி: கோடையில் வயலில் உப்புப் பூக்கிறதே, அதுவும் இதுதானா?

இதுவேதான். ஆழமில்லாத உப்புநீர் நுண்துளை வழியே மேலேறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. கோடை உழவு மேல்மண்ணின் துளைத் தொடர்ச்சியை அறுக்கும், வைக்கோல் மூடாக்கு ஆவியாதலைக் குறைக்கும். படிந்துவிட்ட உப்பைக் கரைத்து வடிக்க மழைநீர் வேண்டும்.

இன்னொரு மாணவி: கண்ணாடிக் குழாயில் பாதரசம் மட்டும் ஏன் இறங்குகிறது?

கண்ணாடியைவிடத் தன்னோடுதான் அதற்கு ஒட்டு அதிகம். திரவம் சுவரைத் தொடும் கோணமான சேர்கோணம் 90 பாகைக்கு மேல். ஆசிரியர்களே, இதற்குப் படம் போதும். பாதரசத்தை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.