பனை இல்லாத யாழ்ப்பாணம்

வணக்கம் அக்கா,

நான் இஞ்ச கம்பஸில தாவரவியல் முடிச்சு இப்ப எம்பில் செய்யுறன். கடைசி வருசப் புரொஜெக்ட் சின்ன வெங்காயத்தில தாள் சுருண்டு முறுகிப்போற வருத்தம். போன கிழமை ஒரு பிரெண்ட் வெளிநாட்டுத் தாவரத் தோட்டமொண்டு குடுக்கிற பெலோஷிப் பற்றி அனுப்பினவள். தாவரத்திலயும் பங்கசிலயும் ஏற்கெனவே டிஜிட்டலாக்கின டேட்டாவை வச்சு ஆராய்ச்சி செய்யோணுமாம், ஏர்லி கரியர் ஆக்களுக்காம். எனக்குக் கோடிங் வடிவாத் தெரியாது, கிடக்கிறது ஒரு பழைய லாப்டொப். அப்பா ஆசிரியர் சேவைக்குப் போட்டிட்டுப் பேசாமல் இரு எண்டுறார். இன்னொண்டும் உறுத்துது. எங்கட செடியளைப் பிடுங்கிக்கொண்டு போய் வச்சிட்டு இப்ப போட்டோ பாக்க வா எண்டுறாங்கள், இதுக்குப் போய் நான் அப்ளை பண்ணுறதோ?

ஒரு வாசகி, புலோலி

அன்புள்ள பிள்ளைக்கு,

முதல்ல கசப்பைச் சொல்லிப்போடுறன். அந்த ஏர்லி கரியர் எண்ட சொல்லு எங்கட ஆக்களைக் கன நாளா ஏமாத்துது. இப்பத்தான் டிகிரி முடிச்ச ஆள் எண்டு நாங்கள் நினைக்கிறம், அவை நினைக்கிறது அநேகமா பிஎச்டி முடிச்ச ஆளை. ஐரோப்பாவின்ர மேரி கியூரி பெலோஷிப்பை எடுத்துப் பாரும், பிஎச்டி கையில இருக்கோணும், அதுக்குப் பிறகு 8 வருச ஆராய்ச்சி அனுபவத்துக்கு மேல போகக்கூடாது, எந்த நாட்டுக்காரரும் போடலாம். 35 வயசு ஆளும் அவைக்கு ஆரம்பகட்டம்தான். அதால உமக்கு வந்த அறிவித்தலில தகுதி எண்ட பந்தியை ஒருக்கா ஆறுதலா வாசியும், பிஎச்டி கேட்டிருந்தால் இப்ப போட்டு மனம் உடையாதையும். ஆனால் அவை செய்யச் சொல்லுற வேலை இருக்கெல்லோ, அதுக்கு ஒருத்தற்ற அனுமதியும் தேவையில்லை, இண்டைக்கு இரவே தொடங்கலாம்.

ஏனெண்டால் டேட்டா திறந்து கிடக்கு. லண்டனில இருக்கிற கியூ தாவரத் தோட்டத்தில மட்டும் காய வச்ச செடி கிட்டத்தட்ட 70 இலட்சம் தாள், பங்கசு எண்ட பூஞ்சணம் 12.5 இலட்சம், அதையெல்லாம் ஒவ்வொண்டாப் படம் எடுத்து இணையத்தில ஏத்துறாங்கள். ஜிபிஃப் எண்டு 2001 இல தொடங்கின ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கு, உலகத்துச் சேகரிப்பெல்லாத்தின்ரயும் பதிவுகள் அதில காசில்லாமல் இறக்கலாம், இறக்கின ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நம்பர் தரும், கட்டுரையில அந்த நம்பரைப் போட்டால் காணும்.

உம்மட உறுத்தல் நியாயமான உறுத்தல்தான், எனக்கும் இருந்தது, இப்பவும் முழுசாப் போகேல்ல. ஹெர்மன் எண்ட ஒல்லாந்துக் கொம்பனி டொக்டர் 1670களில இலங்கையில சேர்த்த செடியளை வச்சுத்தான் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747 இல இலங்கைத் தாவரங்களுக்கு ஒரு புத்தகமே எழுதினவர், அந்தச் செடியள் இப்ப லண்டனில. கோப்பித் துரு நோயை எடுத்தாலும் அதே கதைதான். பேராதனைத் தோட்டத்தில இருந்து அதின்ர பொறுப்பாளர் த்வெய்ட்ஸ் அனுப்பின இலையைப் பாத்து 1869 இல பெர்க்லி எண்ட பங்கசு நிபுணர் இங்கிலாந்தில இருந்து பேர் வச்சார், அவற்ற பங்கசுச் சேகரிப்பு பிறகு கியூவுக்குப் போச்சுது. ஆனால் அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச ஆள் மார்ஷல் வார்ட் எண்ட இங்கிலாந்துத் தாவரவியலாளர். 1880 இல இஞ்ச வரேக்க வயசு 25, ரெண்டு வருச வேலை, இண்டைக்கு எண்டால் அதையும் பெலோஷிப் எண்டுதான் சொல்லுவினம். பெடியன் தோட்டந்தோட்டமா நடந்து, அந்தப் பங்கசு இலையின்ர வாய்த்துளையளுக்குள்ளால எப்பிடி உள்ள போகுது எண்டு காட்டினான், மலை முழுக்க ஒரே பயிரை நட்டு வச்சால் இப்பிடித்தான் பரவும் எண்டும் சொன்னான். கோப்பி தப்பேல்ல, நாடு தேயிலைக்கு மாறினது. சரி, எங்க வந்து நிக்கிறன். இலை அங்க போனது போனதுதான், நீர் கோவிச்சுக்கொண்டு பாக்காமல் விட்டால் அது திரும்பி வரப்போறேல்ல.

இனி என்ர அவமானக் கதை ஒண்டு. நான் ஒரு காலத்தில ரெண்டு வருசம் பழைய ஹேபேரியத் தாளுகளின்ர, அதுதான் காய வச்ச செடி ஒட்டின தாளுகளின்ர, லேபிள் வாசிச்சுக் கொம்பியூட்டரில ஏத்துற வேலை செய்தனான். அப்ப கார்த்திகைப்பூ எங்கெங்க இருக்கெண்டு வரைபடம் ஒண்டு கீறி, பெருமையா வீட்டில கொண்டுவந்து காட்டினன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்திட்டு, "என்ன பிள்ளை, உம்மட கார்த்திகைப்பூ மீன் பிடிக்கப் போட்டுதோ" எண்டார். பாத்தால் புள்ளி முழுக்கக் கடல்நீரேரிக்குள்ள. நடந்தது என்னெண்டால் லேபிளில யாழ்ப்பாணம் எண்டு ஒரு சொல்லுத்தான், வேற ஒண்டும் இல்லை, புரோகிராம் குடாநாட்டுக்குச் சுத்திவர ஒரு கோடு போட்டு நடுவைப் பாத்துக் குத்திப்போட்டுது. அதை விடப் பகிடி நெடுந்தீவு. லேபிளில ஒல்லாந்தன் வச்ச டெல்ஃப்ட் எண்ட பேர், புரோகிராம் அந்தச் செடியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒல்லாந்தில வச்சிட்டுது. கேற்ஸ் எண்டால் ஊர்காவற்றுறை, பொயின்ற் பீட்ரோ எண்டால் பருத்தித்துறை எண்டு உமக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் எங்கயோ இருந்து கோட் எழுதுற ஆளுக்கு அது தெரியாது. புள்ளி எவ்வளவு தூரம் பிழையாகலாம் எண்டு போடப் பதிவில ஒரு கட்டம் இருக்கு, கனபேர் அதை வெறுமையா விட்டிடுவினம், நீர் முதல்ல அந்தக் கட்டத்தைப் பாரும்.

இல்லாததையும் பாக்கோணும், அது இன்னும் கஷ்டம். ஹேபேரியத் தாள் ஒண்டு 16.5 அங்குல நீளம், 11.5 அங்குல அகலம், கிட்டத்தட்ட ஒரு பத்திரிகையை ரெண்டா மடிச்ச அளவு. பனையோலையை அதில எப்பிடி ஒட்டுறது? ஒரு ஓலையே உம்மட கை ரெண்டையும் விரிச்ச அகலம் வரும், மட்டை வேற, கருக்கு வேற, வெட்டி மடிச்சுக் கட்டி அனுப்புறதுக்குள்ள சேகரிக்கப் போனவனுக்கு நாள் போயிடும். அதோட மனுசர் நட்டு வளர்க்கிற மரத்தைச் சேகரிக்கிற ஆக்கள் பெரிசாக் கணக்கெடுக்கிறேல்ல. அதால பனை எண்ட குடும்பமே உலகம் முழுக்கக் குறைச்சலாத்தான் தாளில ஏறியிருக்கு. நீர் புலோலியில படலையைத் திறந்தால் முன்னால நிக்கிறது பனை, டேட்டாவை மட்டும் நம்புற ஆளுக்கு யாழ்ப்பாணம் பனை இல்லாத ஊர். அதோட கிட்டத்தட்ட 30 வருச யுத்தம், அந்த நேரம் ஆர் பற்றைக்குள்ள இறங்கிச் செடி பிடுங்கினது?

பங்கசு இன்னும் மோசம். பேர் வச்சது ஒண்டரை இலட்சம் சொச்சம், இருக்கிறது 25 இலட்சம் வரும் எண்டு மதிக்கினம். மழைக்கு முளைச்சு ரெண்டு நாளில அழுகிற சாமானை ஆர் கண்டு ஆர் பிடுங்கிக் காயவைக்கிறது. இதுக்குள்ளதான் உம்மட வெங்காயம் வருது. அந்த வருத்தத்துக்குக் காரணம் எண்டு சொல்லுற கொலட்டோட்ரைக்கம் எண்ட பங்கசு இருக்கெல்லோ, முந்தி எல்லாத்துக்கும் ஒரே பேரை வச்சுக் கூப்பிட்டவை, பிறகு டிஎன்ஏ பாக்க வெளிக்கிட்டுத்தான் ஒரு பேருக்குக் கீழ கன இனம் கிடக்கெண்டு தெரிஞ்சுது. டிஎன்ஏ வரிசை சேர்த்து வைக்கிற பொதுக் களஞ்சியத்தில பழைய பேரோட ஏத்தின வரிசையள் இன்னும் அப்பிடியே கிடக்கு. பங்கசுக்கெல்லாம் பாக்கிற ஐடிஎஸ் எண்ட டிஎன்ஏ துண்டு மட்டும் இந்தக் கூட்டத்தைப் பிரிக்கக் காணாது, வேற ஜீனும் பாக்கோணும். வெங்காயத்தில எடுத்ததெண்டு போட்டிருக்கிற வரிசையளை மட்டும் இறக்கி, எது எந்த நாட்டில எடுத்தது, எந்த ஜீன், பேர் இப்பவும் செல்லுமோ எண்டு ஒரு அட்டவணை போடும். இதுக்குப் பெரிய மெசினும் வேண்டாம், உம்மட பழைய லாப்டொப் காணும். அந்த அட்டவணையில எங்கட தோட்டத்து வெங்காயம் எங்க நிக்குதெண்டு நீர் கேட்டால் அதுதான் ஆராய்ச்சிக் கேள்வி. அப்ளிகேசன் வாசிக்கிற ஆக்கள் ஏஐ, பிக் டேட்டா எண்டு ஊதின பலூன் கனக்கக் கண்டிருப்பினம், வரம்பில குந்தியிருந்து முறுகின தாளைக் கையில எடுத்துப் பாத்த ஆளைக் கண்டிருக்காயினம்.

கோடிங்குக்குப் பயப்பிடாதையும். ஆர் (R) எண்ட கொம்பியூட்டர் மொழியை மட்டும் பிடியும், அதில பிழையான புள்ளியளைக் கண்டுபிடிக்கவெண்டே ஒரு பொதி இருக்கு, கடலுக்குள்ள விழுந்ததையும் நாட்டுக்கு நடுவில குத்தினதையும் அதுவே கொடி போட்டுக் காட்டும். அது எனக்கு அப்ப தெரிஞ்சிருந்தால் அப்பாவிட்டப் பேச்சு வாங்கியிருக்கமாட்டன்.

உம்மட அப்பா சொல்லுறதையும் தட்டாதையும், ஆசிரியர் சேவைக்கும் போட்டு வையும், ஒண்டுக்கொண்டு பகையில்லை, வெங்காயம் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் தோட்டத்தில கிடக்கும்தானே. எம்பில் மேற்பார்வையாளரிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லும், பிறகு சிபாரிசுக் கடிதத்துக்கு ஓடித்திரியேலாது. அட்டவணையில முதல் 20 வரி முடிஞ்ச உடன எனக்கு அனுப்பும், பாத்திட்டுக் குறை சொல்லுறன்.