பழைய பிக்கப் வண்டி காலையில் நன்றாக ஓடுகிறது, மதிய நெரிசலில் நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் இது ஆவி அடைப்பு. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, எஞ்சினுக்குப் போகும் வழியை மறித்துக்கொள்கிறது.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் எஞ்சினோடு ஒட்டியிருக்கும். பின்னாலுள்ள தொட்டியிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். சிங்கப்பூரில் மதியம் 32 டிகிரி. சிராங்கூன் சாலை நெரிசலில் பானெட்டுக்குள் சூடு அதைவிட மிக அதிகம். கோப்பிக்கடையில் உறிஞ்சுகுழலில் கீறல் இருந்தால், எவ்வளவு இழுத்தாலும் தேநீருக்குப் பதில் காற்றுதானே வாய்க்கு வருகிறது? பம்புக்கும் அதே கதிதான்: பெட்ரோலுக்குப் பதில் ஆவி வருகிறது.

நின்ற இடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை அணைத்து, சற்று ஆறவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றுங்கள். (அருகில் நெருப்பு கூடவே கூடாது.) கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் நெம்புகோலை அசைத்தால், நூல்போல் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் எரிபொருள் வருகிறது, தீப்பொறியைச் சோதியுங்கள். வறண்டிருந்தால் அரை மணி நேரம் காத்திருங்கள். ஆறியதும் கிளம்பினால் ஆவி அடைப்புதான். குழாயைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். தொட்டி மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காலைக் குளிரிலும் திணறினால் பெட்ரோல் வடிகட்டியையும், பம்புக்குள் அசைந்து பெட்ரோலை இழுக்கும் சவ்வையும் பாருங்கள்.

பெட்ரோல் சொட்டவில்லை என்பதால் குழாயில் வெடிப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய் வெடித்தால் அது வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கும்.