தலை நிமிராத உழவன்

அன்புள்ள அக்காவுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பேர் போட வேண்டாம். ஓவியங்களைப் பார்த்துக் கவிதை எழுத ஆசை. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபோனில் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். புரூகல் என்ற பிளெமிஷ் ஓவியரின் இக்காரஸ் ஓவியத்துக்கு ஒரு கவிதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாசித்தால் படத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த பக்கம் போக வழி தெரியவில்லை.

இன்னொன்று, நேரம். விடிய நாலரைக்கு எழும்பினால் சமையல், பிள்ளைகள், பாடசாலை, டியூஷன். பின்னேரம் இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், தேத்தண்ணியோடு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தாலே களவு செய்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நிரையில் இறங்கினால் தலையை நிமிர்த்தவே மாட்டார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவர் பெற்ற மகள் படம் பார்க்க நேரம் கேட்கலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கவிதையை மூன்று தரம் வாசித்தேன், கடிதத்தை அதைவிடக் கூடுதலாக. கவிதையில் இருந்திருக்க வேண்டிய வரி ஒன்று கடிதத்துக்குள் வந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: இறகுகளை மெழுகால் ஒட்டிக்கொண்டு பறந்த இக்காரஸ், சூரியனுக்குக் கிட்டப் போய், மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். கிரேக்கக் கதை. ஓவியத்தின் பெயர் அவன் விழுவதைத்தான் சொல்கிறது. ஆனால் படத்தில் அவனைத் தேட வேண்டும். வலது பக்கம் கீழே, தண்ணீருக்கு மேல் இரண்டு கால்கள், அவ்வளவுதான். முன்னால் பெரிதாக நிற்பது சிவப்புச் சட்டை போட்ட உழவன். குதிரை கட்டி உழுகிறான். ஓர் இடையன் தடியில் சாய்ந்து மேலே பார்க்கிறான். ஒருவன் மீன் பிடிக்கிறான். கப்பல் ஒன்று தன்பாட்டில் போகிறது. யாரும் அந்தக் கால்களைப் பார்க்கவில்லை. ஓவியம் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (புரூகல் தன் கையால் வரைந்ததுதானா என்று ஆய்வாளர்களுக்குள் ஒரு தகராறு உண்டு. நமக்கு அது வேண்டாம்.)

ஆடன் என்ற ஆங்கிலக் கவிஞர் பிரஸ்ஸல்ஸில் பார்த்த ஓவியங்களை வைத்து 1938இல் ஒரு கவிதை எழுதினார். அதன் பின்பாதி இந்தப் படம். ஒருவன் துன்பப்படும்போது பக்கத்தில் இன்னொருவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான், உலகம் அப்படித்தான் என்பது அவர் பார்வை. பெரிய கவிதைதான். ஆனால் அது அருங்காட்சியகத்தில் ஆறுதலாக நின்று பார்த்த மனிதருடைய பார்வை.

உங்கள் கவிதையில் சிவப்புச் சட்டை, குதிரை, ஆடு, கப்பல், கால் எல்லாம் இருக்கின்றன. ஒன்றும் விடுபடவில்லை. சித்திரப் பாடத்தில் புள்ளி போடுவதானால் நிறையப் போடலாம். நீங்கள்தான் அதில் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்து வரி: ‘நிரையில் இறங்கினால் தலையை நிமிர்த்தவே மாட்டார்.’

தங்கச்சி, அந்த உழவன் ஏன் திரும்பவில்லை என்று ஆடனுக்குத் தெரிந்ததைவிட வேறு விதமாக உங்களுக்குத் தெரியும். தோட்டத்து லயத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். தலை நிமிர்ந்தால் கை நிற்கும். கை நின்றால் நிறுக்கும்போது கிலோ குறையும். குறைந்தால் அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான். அக்கறை இல்லாததால் திரும்பாமல் இருப்பது ஒன்று, திரும்ப முடியாமல் இருப்பது இன்னொன்று. உழவனுக்குப் பின்னால் கங்காணி நின்றானா என்று படம் சொல்லவில்லை. கவிதை சொல்லட்டுமே.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருப்பீர்கள், சிகிரியா. சுழல் படியில் ஏறி ஓவியங்களைப் பார்த்துவிட்டு இறங்கினால் கண்ணாடிச் சுவர் என்று பேர் பெற்ற பூச்சுச் சுவர் வரும். எல்லாரும் அவசரமாகக் கடந்துபோகிற இடம். ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்களைப் பிற்காலத்தில் ஏறி வந்து பார்த்தவர்கள், அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் கூர்முனையால் கீறி எழுதிய சிங்களக் கவிதைகள் அதில் இருக்கின்றன. பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை எழுதியவை. தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் பதிப்பித்தார். எல்லாரும் தொழில்முறைக் கவிஞர்கள் அல்ல. இரண்டு வரி, நாலு வரி, பெயர், சிலர் ஊர். அவ்வளவுதான்.

அதில் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். ஓவியத்தில் மலையிலே நிற்கிற அந்த மான்விழியாளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, கையில் முத்துச்சரம் வைத்துக்கொண்டு நமக்குப் போட்டியாகப் பார்க்கிறாள் என்கிற மாதிரி. என்ன நிறம், என்ன நகை என்று அவள் மினக்கெடவில்லை. கோபம் வந்தது, எழுதிவிட்டாள். ஆயிரம் வருஷம் கழித்து எனக்கு அந்த ஓவியத்தைவிட அவளைத்தான் பிடித்திருக்கிறது.

நம் பாட்டிலும் உண்டு. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் அரசன் பாசறையில், அரசி கட்டிலில். மேலே மெழுகு பூசிய துணி விதானம். அதில் ராசி மண்டலம் வரைந்து, சந்திரனோடு அவன் மனைவி உரோகிணியையும் எழுதியிருக்கிறார்கள். ‘உரோகிணி நினைவனள் நோக்கி நெடிது உயிரா’ என்கிறார் நக்கீரர். அண்ணாந்து பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். இவ்வளவு பெரிய வானத்தில் அவள் கண் நின்றது கணவனைப் பிரியாத ஒருத்தி மேல். நீங்களும் முழுப் படத்தையும் எழுத வேண்டாம். பெருமூச்சு எந்த மூலையில் வந்ததோ அங்கே நில்லுங்கள்.

சரி, நேரம். இதில் எனக்கு அறிவுரை சொல்ல அருகதை குறைவு. சில வருஷத்துக்கு முன் மூன்று நாள் லீவு போட்டு, எழுதவென்றே அப்புத்தளையில் ஒரு அறை எடுத்தேன். முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். இரண்டாம் நாள் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை, திரும்பவும் தூங்கினேன். மூன்றாம் நாள் தோய்த்த உடுப்பு காயவில்லை என்ற கவலையிலேயே போயிற்று. ஒரு வரி இல்லை. அந்தத் தூக்கம் எனக்கு வேண்டியிருந்தது, அதில் நட்டம் இல்லை. கவிதை எழுதத்தான் போனேன் என்று வீட்டில் சொன்னதுதான் பிழை.

அதனால் இஸ்தோப்புப் பத்து நிமிஷத்தைக் கவிதைக்குக் கொடுக்காதீர்கள். சும்மா இருங்கள், தேத்தண்ணி குடியுங்கள். அது ஏதாவது விளைவிக்க வேண்டும் என்று நினைத்தால் அதுவும் ஒரு நிரை ஆகிவிடும். படத்துக்கு வேறு வழி உண்டு. இரவில் பத்துப் படம் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை விட்டுவிட்டு, டவுனுக்குப் போகும்போது கொமியூனிகேஷன் கடையில் ஒரே ஒரு படத்தைக் கலரில் பிரின்ட் எடுத்து, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். புகையும் எண்ணெயும் படட்டும். மாவு பிசையும்போது, பால் பொங்கும்வரை நிற்கும்போது கண் அதில் படும். ஒரு மாதம் எழுதாதீர்கள். வரி தானாக வந்தால் பிள்ளைகளுடைய பழைய கொப்பியில் கிறுக்கி வையுங்கள்.

எதை ஒட்டலாம் என்று கேட்டால், தேயிலைப் பக்கற்றையும் யோசித்துப் பாருங்கள். அதில் கூடையோடு சிரிக்கிற பெண்ணின் இடுப்பில் படங்குச் சாக்கு இல்லை, காலில் அட்டை இல்லை. சிகிரியாப் பெண்ணுக்கு வந்த கோபம் உங்களுக்கும் வரலாம். ஆனால் இப்போதைக்கு உழவனே போதும்.

ஒட்டிய பிறகு ஒரு வேலை. அம்மா அடுப்படிக்கு வரும்போது, இது யார், கதை என்ன என்று எதுவும் சொல்லாமல், தண்ணீரில் ஒருவன் விழுந்து கிடக்கிறான், இந்த மனிசன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். நீங்களாக எடுத்துக்கொடுக்க வேண்டாம். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா