காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

சளி, தொண்டை வலிக்கெல்லாம் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, பெரும்பாலும் 10 நாட்களுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் காலையில் எழுந்து போனைக் காதில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கேட்கவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். குரும்பி அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டே நாளைக் கடத்துபவர்கள்தான் அதிகம். உள்காதில் பாதிப்பு இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அப்புறம், குரல் கம்மல் 3 வாரம் தாண்டினால், அதுவும் புகைப்பவர் என்றால், குரல்வளையைக் காட்டிவிடுங்கள். ஒரே பக்க மூக்கு அடைத்து ரத்தம் கசிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தை மூக்கில் பட்டன் பேட்டரியைப் போட்டுக்கொண்டால் மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. சில மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.