பாட்டியின் பாட்டி

வணக்கம் சார்,

என் மருமகள் சின்சினாட்டிக்காரி. அவளுடைய பாட்டியின் பாட்டி 1881-இல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். பிரேமனில் கப்பல் ஏறினாராம். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்களாம். அடுத்த வருடமே சின்சினாட்டியில் கல்யாணம், 1931-இல் இங்கேயே மரணம். குடும்ப பைபிளில் பிறந்த இடம் ‘பிரஷ்யா’ என்று மட்டும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் அதே பெயரில் நூற்றுக்கணக்கான பெண்கள் வருகிறார்கள். பேத்தி விடாமல் நச்சரிக்கிறாள். ஜெர்மனியில் யாருக்கு எழுதிக் கேட்பது?

எஸ்., சின்சினாட்டி

அன்புள்ள எஸ்.,

இப்போதைக்கு ஜெர்மனியில் யாருக்கும் எழுதாதீர்கள். ஊர் பெயர் இல்லாமல் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பிறப்பு, இறப்பை அரசே பதியும் முறை, ஜெர்மனியின் பெரும்பகுதியாக இருந்த பிரஷ்யா அரசில் 1874-இலும் ஜெர்மனி முழுவதற்கும் 1876-இலும்தான் வந்தது. அதற்கு முன்னால், ரைன் நதிக்கு மேற்கே உள்ள பகுதி போன்ற சில இடங்கள் தவிர, எல்லாம் அந்தந்த ஊர்த் தேவாலயத்து ஏட்டில்தான். அந்த ஊர் எது என்பது அநேகமாக உங்கள் சின்சினாட்டியிலேயே எங்காவது எழுதப்பட்டிருக்கும்.

எல்லிஸ் தீவுக் கதையை முதலில் விட்டுவிடுங்கள். அந்த இடம் திறந்ததே 1892 ஜனவரி 1 அன்று. 1881-இல் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய குடியேற்ற நிலையமான காஸில் கார்டன் வழியாகத்தான் வந்தார்கள். பால்டிமோர் துறைமுகத்தையும் பாருங்கள். பிரேமனிலிருந்து அங்கே நேராகக் கப்பல் உண்டு, துறைமுகத்திலிருந்து மேற்கே போக ரயிலும் உண்டு. அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்பது அமெரிக்காவில் பாதிக் குடும்பங்கள் சொல்லும் கதை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்ப்பதுதான் எல்லிஸ் தீவு அதிகாரிகளின் வேலை. பெயர்கள் பெரும்பாலும் பிற்பாடுதான் மாறின, பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும், அவரவர் விருப்பத்தில்.

பிரேமனில் தேடியும் பயனில்லை. அந்தக் காலத்துப் புறப்பாட்டுப் பட்டியல்களை, வைக்க இடமில்லை என்று அவர்களே அழித்துவிட்டார்கள். ஹாம்பர்க்கில் ஏறியிருந்தால் அதிர்ஷ்டம். 1850 முதல் 1934 வரை பட்டியல் இருக்கிறது, பலருக்கு சொந்த ஊரோடு.

பெரிய சிக்கல் அவர் பெண் என்பது. 1855-இல் வந்த சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண் தானாகவே அமெரிக்கர் ஆகிவிடுவார். கணவர் பின்னால் குடியுரிமை வாங்கினாலும் மனைவிக்கும் சேர்த்துத்தான். 1922-இல், மனைவியின் குடியுரிமையைத் தனியாகப் பார்க்கும் கேபிள் சட்டம் வரும்வரை இதுதான் நிலைமை. மனு, சாட்சி, உறுதிமொழி எல்லாம் கணவர் பெயரில் இருக்கும், 1906-க்கு முந்தைய தாள்களில் பெரும்பாலும் மனைவியின் பெயர்கூட இருக்காது. இதைவிட எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் முதல் உலகப் போரின்போது, 1918-இல் நடந்தது. கணவர் அதுவரை குடியுரிமை வாங்காத ஜெர்மானியர் என்றால், அமெரிக்காவிலேயே பிறந்த மனைவியும் ‘எதிரி நாட்டவர்’ என்று ஜூன் மாதம் போய் புகைப்படம் கொடுத்து, கைரேகை வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது. தேடுகிறவர்களுக்கு அந்தத் தாள்கள் புதையல். ஆனால் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள், கான்சாஸ் மாநிலத்துடையது தப்பியது.

ஆகவே அவர் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள். உங்கள் ஓஹையோ மாநிலத்தில் 1908 டிசம்பரிலிருந்து மாநில அளவில் மரணச் சான்றிதழ் உண்டு. குடும்ப வரலாறு தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். 1931 சான்றிதழில் அவருடைய அப்பா, அம்மா பெயருக்கு இடம் இருக்கும். தகவல் கொடுத்தது மருமகனாக இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். மாமியாரின் அம்மா பெயர் எத்தனை மருமகன்களுக்குத் தெரியும்? அப்புறம் 1900 சென்சஸ். எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எந்த வருடம் வந்தார் என்று மூன்றும் அதில் கேட்டார்கள். 1890 சென்சஸைத் தேடாதீர்கள், 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி சேதமானது, மிஞ்சியதையும் பிற்பாடு அநேகமாக முழுதும் அழித்துவிட்டார்கள்.

1882 கல்யாணம் என்கிறீர்கள். 1884 மார்ச் கலவரத்தில் உங்கள் ஊர் நீதிமன்றம் எரிந்தது, ஆவணங்கள் ஏராளமாகப் போயின. அரசுப் பதிவு கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள், தேவாலயப் பதிவு இருக்கலாம். உங்கள் ஊரில் ஜெர்மானியர் குடியிருந்த ஓவர்-த-ரைன் வட்டாரத்தில் ஜெர்மன் மொழியிலேயே ஏடு எழுதிய தேவாலயங்கள் இருந்தன. பாதிரியாரும் ஜெர்மானியர் என்பதால் ‘பிரஷ்யா’ என்று நிறுத்தாமல் கிராமத்தின் பெயரையே எழுதிவிடும் வழக்கம் உண்டு. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகள் ஒன்றையும் விடாதீர்கள். ஞானத்தாயாக நின்றது பல சமயம் கூடப் பிறந்தவளோ, ஒரே ஊரிலிருந்து வந்தவளோதான். அவளுடைய ஊர் தெரிந்தால் இவருடைய ஊரும் பெரும்பாலும் தெரிந்த மாதிரிதான்.

வீட்டு விலாசத்திலும் ஒரு குழப்பம் வரும். அதே போர்க் காலத்தில், 1918-இல், சின்சினாட்டி ஜெர்மன் தெருப்பெயர்களை மாற்றியது. பிரேமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. 1910 சென்சஸிலும் 1920 சென்சஸிலும் தெரு வேறாக இருந்தால் வீடு மாறினார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

‘பிரஷ்யா’ என்பதைப் பெரிதாக நம்ப வேண்டாம். ரைன் கரையிலிருந்து ரஷ்ய எல்லை வரை பிரஷ்யாதான். தனி அரசாக இருந்த ஹானோவர் 1866-இல் அதற்குள் போனது, அதனால் ஒரே பெண் ஓரிடத்தில் ஹானோவர், இன்னோரிடத்தில் பிரஷ்யா என்று இருப்பார். டிரம்ப்பின் பாட்டி எலிசபெத் கிறிஸ்ட்டைப் பாருங்கள். 1880-இல் கால்ஸ்டாட்டில் பிறந்தவர். ஊர் இருப்பது ரைன் பக்கம், பவேரியாவின் தலைநகர் மியூனிக்கிலிருந்து வெகுதூரம், ஆனால் அன்றைய கணக்கில் பவேரியா. 1902-இல் கல்யாணம். கணவர் ஃபிரெடரிக் 1892-லேயே குடியுரிமை வாங்கியிருந்ததால் இவரும் கல்யாணத்தன்றே அமெரிக்கர். இவ்வளவு தெளிவாகப் பதிவான குடும்பமே பல வருடம் தங்களை சுவீடன் வம்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது! உங்கள் வீட்டுக் கதையையும் அந்த அளவுக்கே நம்புங்கள்.

ஊர் கிடைத்த பிறகு தேவாலய ஏடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். கத்தோலிக்கர் என்றால் மாட்ரிகுலா தளம், இலவசம். புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்கியோன் தளம், கட்டணம் உண்டு. எல்லா ஊர்களும் இன்னும் ஏறவில்லை. பழைய ஜெர்மன் கையெழுத்தை இன்றைய ஜெர்மானியர்களே படிக்கத் திணறுவார்கள். நீங்களும் பேத்தியும் முதலில் அந்த எழுத்து வரிசையை அச்செடுத்துப் பழகுங்கள், பெயரையும் தேதியையும் படிக்க அது போதும்.

அன்புடன்.