வகுப்பில் பாதிப் பேருக்கு 20-க்கு மேல் வருகிறதா? கூட்டலைப் பாருங்கள்

பிள்ளைகளுக்கு உணவுக் கோளாறு இருக்காது, கூட்டல்தான் தப்பியிருக்கும். சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளைகளின் மனப்பான்மையை அளக்கும் 26 கேள்விச் சீட் (ChEAT) வினாத்தாளை 9 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் பாதிப் பேர் 20 என்ற எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்கிறீர்கள். 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை உள்ள ஆறு விடைகளுக்கும் 0 முதல் 5 வரை போட்டுக் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போட்டால், எல்லாவற்றுக்கும் 'அரிதாக' என்று டிக் போட்ட பிள்ளைக்குக்கூட 26 வந்துவிடும்!

சரியான முறை: 'எப்போதும்' 3, 'மிக அடிக்கடி' 2, 'அடிக்கடி' 1. மீதி மூன்றுக்கும் 0. புதிய, கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவுகளைச் சுவைத்துப் பார்க்கப் பிடிக்கும் என்ற கேள்விக்கு மட்டும் இது தலைகீழ்.

உங்கள் எக்செல் தாளில் யாருக்காவது 78-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம், 26 மூன்று 78தான்.

திருத்திய பிறகும் எண்ணிக்கை அதிகமாக இருந்தால், நாலைந்து பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, "இது உனக்கு என்ன புரிகிறது?" என்று கேளுங்கள். 'உணவைச் சின்னத் துண்டுகளாக வெட்டுவேன்' என்பதற்கு 'எப்போதும்' போட்ட பிள்ளை, அம்மா வெட்டிக் கொடுப்பதைச் சொல்லியிருக்கலாம். கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது பற்றிய கேள்வி இன்னும் மோசம். விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டதையும் அதில் சேர்த்துவிடுவார்கள்.

அப்புறம், 20 என்பது வடிகட்டும் கோடு மட்டுமே, நோய் முடிவு அல்ல. மறைக்கும் பிள்ளைக்கு 5கூட வரலாம். எடை குறைந்தாலோ, வாந்தி எடுப்பதாக டிக் போட்டிருந்தாலோ மொத்தத்தைப் பார்க்காமல் பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள்.